பிஎஸ்எல்இ முடியும்வரை முத்து காத்திருப்பானா?

உங்கள் பூனை முத்துவுக்கு 16 வயது, சிறுநீரக நோய் நான்காம் கட்டம், சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மருத்துவர் "யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டார், ஆனால் அம்மா ஊசி போட்டு உயிரை முடித்து அனுப்புவது மகாபாவம் என்கிறார், மகளுக்கு இன்னும் சில வாரங்களில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அதுவரை தள்ளிப்போட முடியுமா, அந்த நாள் எப்படி இருக்கும், அப்புறம் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் ஒன்பதாம் மாடியில் இருப்பவர்கள் உடலை என்ன செய்வது. நீங்கள் கேட்டது இவ்வளவும். கால்நடை மருந்தகத்தில் தாதியாகப் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முத்துவைப் பார்க்கிற மருத்துவர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் இடித்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தள்ளிப்போட முடியுமா என்பதற்கு முதலில் பதில். முடியாது. நான்காம் கட்டம் என்றால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் லிட்டருக்கு 440 மைக்ரோமோலைத் தாண்டிவிட்டது என்று பொருள். பூனையின் சிறுநீரகம் சுமார் முக்கால் பங்கு போன பிறகுதான் அந்த எண் ஏறவே தொடங்கும், அதனால் நம் கண்ணுக்குத் தெரியும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இந்தக் கட்டத்திலும் தோலடியில் திரவம் ஏற்றி, வாந்திக்கு மருந்து கொடுத்து, பசிக்கு மருந்து கொடுத்து மாதக்கணக்கில் நன்றாக இருந்த பூனைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனையும் செய்தும் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனியாக ஒரு நோயாகிவிடும். தேர்வு அட்டவணை முத்துவுக்குத் தெரியாது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அவன் போகும் நாளை நீங்கள் குறிக்காவிட்டால் நோய் குறித்துவிடும், அது பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு, வலிப்பு வந்து, டாக்சி கிடைக்காமல், முன்பின் பார்க்காத அவசர மருந்தகத்தில், முன்பின் பார்க்காத மருத்துவர் கையில் முடியும். அப்படி வந்து நின்ற குடும்பங்கள்தான் பிற்பாடு அதிகம் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் சில நாள் இருந்திருப்பானே என்று வருந்துகிறவர்களும் உண்டு, ஆனால் அந்த வருத்தம் கொஞ்ச காலத்தில் ஆறுகிறது. மற்றது அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. பலர் "அவனே சொல்லுவான்" என்று காத்திருக்கிறார்கள். பூனை அப்படியெல்லாம் சொல்லாது. வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம், வலிக்கும்போதுகூடக் குர்குர் என்று சத்தம் போடும், அதைக் கேட்டுவிட்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பான், குடிக்க மாட்டான். இது குமட்டல். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பதும் எச்சில் வடிவதும் அதேதான். வாயில் அமோனியா வாடை வந்தால் உள்ளே புண் இருக்கலாம். முதுகு ரோமம் திரிதிரியாக ஒட்டிக்கொண்டிருந்தால் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை விட்டுவிட்டான். கழிவறைத் தரையின் குளிர்ந்த ஓட்டில் போய்ப் படுத்துக்கொள்வது நம் ஊர் வெயிலில் எல்லாப் பூனையும் செய்வதுதான், ஆனால் கூப்பிட்டாலும் வராமல், யாரும் வராத மூலையாகப் பார்த்துப் படுத்தால் அது வேறு. கழுத்தை நிமிர்த்த முடியாமல் தாடை நெஞ்சில் படுகிறதா? பொட்டாசியம் குறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. முகத்தை வைத்து வலியைக் கணிக்க மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள்: காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலையின் நிலை, ஐந்துக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை மதிப்பெண். மொத்தம் பத்தில் நான்கைத் தொட்டால் வலி மருந்து தேவைப்படலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். காது வெளிப்பக்கம் சாய்ந்து, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மதிப்பெண் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

வலி மருந்து என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற பனடோலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், கால் மாத்திரையாக இருந்தாலும் கூடாது. அதில் இருக்கும் பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் உடலில் அநேகமாக இல்லை, ஒரே ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும், அதுவும் கொடுமையான விதத்தில். நல்ல எண்ணத்தோடு கொடுத்துவிட்டு ஓடி வந்தவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் இன்னொரு அளவுகோல், அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் எழுபதில் 35க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. நல்ல கருவிதான், ஆனால் பாசம் இருக்கிற கை தாராளமாக மதிப்பெண் போடும். அதனால் வீட்டில் ஆளுக்கொரு தாளில், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், இரவு படுக்கப் போகுமுன் போடுங்கள். நீங்கள், கணவர், அம்மா, மகள், வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரும். கடைசியில் சொன்னவரை விட்டுவிடாதீர்கள், பகல் முழுக்க முத்துவோடு இருப்பவர் அவர்தான், உண்மையான எண் பெரும்பாலும் அவர் தாளில்தான் இருக்கும். மூன்று நான்கு நாளில் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வாக்குவாதம் பாதி குறைந்துவிடும். அதோடு, அவன் மிகவும் விரும்பிச் செய்கிற மூன்று காரியத்தை எழுதி வையுங்கள். வாசல் கேட்டில் மூக்கை வைத்துத் தாழ்வாரத்தைப் பார்ப்பது, சூரை மீன் டின் திறக்கும் சத்தத்துக்கு ஓடி வருவது, அம்மா சீரியல் பார்க்கும்போது மடியில் ஏறுவது, எதுவாகவும் இருக்கட்டும். அதில் இரண்டு நின்றுவிட்டால் நாள் குறிக்கலாம்.

அம்மா விஷயம். பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. "அம்மா உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அஹிம்சையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லாத ஒருவர் இதே இக்கட்டில் நின்றிருக்கிறார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று மீள வழியில்லாமல் வேதனையில் கிடந்தது. ஆசிரமத்திலேயே எதிர்ப்பு இருந்தும், காந்தி மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். அதைப் பத்திரிகையில் அவரே எழுதவும் செய்தார், கோபக் கடிதங்கள் குவிந்தன, ஆனாலும் தன் நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. தன் நன்மைக்காகவோ கோபத்திலோ கொல்வது வேறு, வேறு எந்த வழியிலும் தீராத வேதனையிலிருந்து அந்த உயிரை விடுவிப்பது வேறு என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். இதைச் சொன்னால் அம்மா மனம் மாறிவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் பாவம்-புண்ணியம் தெரிந்தவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியட்டும். இன்னொன்று, அம்மாவை மருத்துவரிடம் நேரில் அழைத்துப் போங்கள், முடிந்தால் தமிழோ மலாயோ பேசும் தாதி இருக்கும் நேரமாகப் பாருங்கள். "இயற்கையாகப் போகட்டும்" என்று அவர் மனத்தில் இருப்பது தூக்கத்தில் போவது. சிறுநீரகம் செயலிழந்து போவது பெரும்பாலும் அப்படி இருக்காது, குமட்டல், வாய்ப்புண், உடல் குளிர்ந்துபோவது, சில நேரம் வலிப்பு என்று நாள்கணக்கில் இழுக்கும். அதை மருத்துவர் வாயால் கேட்டால் அம்மாவே யோசிப்பார். எல்லாம் கேட்டும் வேண்டாம் என்றுதான் வீடு முடிவெடுத்தால், அதையும் முறையாகச் செய்யலாம்: வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இரவு நேர மருந்தகத்தின் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு. ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதை மட்டும் இயற்கை என்று சொல்லாதீர்கள்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை: "இது உங்கள் பூனையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்னைக் கேட்டால், ஆய்வறிக்கையில் இல்லாத பதில் இதற்குக் கிடைக்கும். பணத்தைப் பற்றியும் கேளுங்கள். சொட்டுநீர் ஏற்ற மருந்தகத்தில் நாள்கணக்கில் படுக்க வைத்தால் செலவு எங்கேயோ போய்விடும், நான்காம் கட்டத்தில் அது வாங்கித் தருவது சில நாள்தான் என்றால் வேண்டாம் என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த நாள் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். மருந்தகத்திலும் செய்யலாம், வீட்டுக்கு வந்து செய்யும் மருத்துவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், முன்பதிவு வேண்டும், கட்டணம் கூடுதல், இரவிலும் ஞாயிறு விடுமுறை நாள்களிலும் இன்னும் கூடும். கூண்டைப் பார்த்தாலே நடுங்குகிற பூனை என்றால் வீடுதான் என் தேர்வு. மருந்தகம் என்றால் நாளின் கடைசி நேரத்தைக் கேளுங்கள், கூட்டம் இருக்காது. பணத்தையும் ஒப்புதல் படிவத்தையும் தகனத்துக்கான ஏற்பாட்டையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள், அழுதுகொண்டே பணம் கட்டும் நெட்ஸ் அட்டை இயந்திரத்தில் எண் அழுத்துவது போன்ற கொடுமை வேறில்லை.

முதலில் மயக்க ஊசி, தோலடியிலோ தசையிலோ. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் ஆழ்ந்து உறங்கிவிடுவான், சில மருந்துக்கு ஒருமுறை வாந்தி வரலாம். நீங்கள் பேச வேண்டியதைப் பேச வேண்டிய நேரம் இதற்கு முன்னால்தான். அப்புறம் முன்னங்காலில் கொஞ்சம் ரோமத்தை மழித்து இரத்தக் குழாயில் பென்டோபார்பிட்டால் செலுத்துவார்கள். மயக்க மருந்து வகைதான், அளவு மிக அதிகம், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். நீர்ச்சத்து வற்றிய பூனைக்கு இரத்தக் குழாய் கிடைப்பது கஷ்டம், அப்போது வயிற்றுப் பகுதியில் போடுவார்கள், நேரம் கூடுதலாக ஆகும், அதைப் பார்த்து ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பதறாதீர்கள். கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பதுபோல் தெரியலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். உயிர் திரும்பவில்லை, உடல் அடங்குகிறது, அவ்வளவுதான். இதை யாரும் முன்பே சொல்லாததால் "அவன் சாக விரும்பவில்லை" என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மகளிடம் சொல்லுங்கள். பிஎஸ்எல்இ முடியட்டும் என்று மறைத்து, பள்ளியிலிருந்து வந்து அவள் காலிக் கிண்ணத்தைப் பார்ப்பதைவிட மோசமானது எதுவும் இல்லை. பன்னிரண்டு வயது, சாவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். தூங்கப் போகிறான், சாமியிடம் போய்விட்டான் என்று சுற்றி வளைக்காமல், மருந்து வேலை செய்யவில்லை, வலி கூடுகிறது, வெள்ளிக்கிழமை மருத்துவர் ஊசி போட்டதும் இறந்துவிடுவான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கூட இருக்கிறாயா என்று கேளுங்கள், இருக்கிறேன் என்றாலும் இல்லை என்றாலும் சரி. ஆனால் முடிவை அவள் தலையில் வைக்காதீர்கள். "நீ சொன்னால் செய்கிறோம்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம். நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மறுநாள் பள்ளி இல்லாத வெள்ளி மாலை நல்லது. வகுப்பாசிரியருக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது, ஆனால் வீட்டில் எல்லோரும் ஏதோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தும் உட்கார்ந்து படிப்பது அதைவிடக் கஷ்டம்.

இப்போது உடல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி அடிவாரத்துப் புல்வெளியிலோ பூங்காவிலோ புதைக்க முடியாது. பொது நிலத்தில் புதைப்பதற்கு அனுமதியே இல்லை, அதோடு பென்டோபார்பிட்டால் உடலில் அப்படியே தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் விலங்குக்கும் ஆபத்து. செல்லப்பிராணிகளுக்கான தனியார் தகன நிறுவனங்கள் இங்கே பல இருக்கின்றன, வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள், பதிவு செய்யுமுன் தனித் தகனமா கூட்டுத் தகனமா என்று தெளிவாகக் கேளுங்கள். கூட்டு என்றால் சாம்பல் திரும்பி வராது. கூட வந்து பார்க்கலாமா, சாம்பல் எப்போது கிடைக்கும் என்றும் கேளுங்கள். வீட்டில் உயிர் பிரிந்தால், அல்லது வந்து எடுக்க நேரமானால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் கால்களை மடக்கி அவன் வழக்கமாகச் சுருண்டு படுப்பதுபோல் வைத்துவிடுங்கள், சில மணி நேரத்தில் விறைத்துவிடும். அடியில் உறிஞ்சும் விரிப்பு, துண்டில் சுற்றிய ஐஸ் பொதி, குளிர்சாதனம் போட்ட அறை. நம் ஊர் வெப்பத்தில் மின்விசிறி போதாது. இரவு தாண்டும் என்றால் மருந்தகத்தில் குளிர்ப்பெட்டி இருக்கும், கேட்டால் வைத்துக்கொள்வார்கள்.

தீட்டு உண்டா, காரியம் செய்ய வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். நான் பார்த்த குடும்பங்களில் யாரும் தீட்டுக் காத்ததில்லை, ஒரு விளக்கேற்றிப் பிடித்ததைப் படைத்தவர்கள் உண்டு, அம்மாவுக்கு அது நிம்மதி என்றால் செய்யட்டும். சாம்பலைத் தொட்டிச் செடியில் போட விரும்பினால் கொஞ்சமாக, நிறைய மண்ணோடு கலந்து போடுங்கள். அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், மொத்தமாகக் கொட்டினால் செடி கருகிவிடும், அப்புறம் அதற்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கும். வீட்டில் இரண்டாவது பூனை இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் ஆறுதல் சொல்ல வருபவர்கள் கொண்டு வரும் மலர்க்கொத்தில் லில்லி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். அந்தப் பூனை சில நாள் தேடும், கத்தும், சரியாகச் சாப்பிடாது, நேரத்துக்குச் சாப்பாடும் விளையாட்டும் கொடுத்தால் போதும். இரண்டு நாள் ஒன்றுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். அதற்குத் துணை வேண்டும் என்று உடனே இன்னொன்றைக் கொண்டு வராதீர்கள்.

அலுவலகத்தில் இதற்கென்று விடுப்பு கிடையாது, மனிதர் இறந்தால் தரும் விடுப்பையே இங்கே வேலை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது, சட்டம் அல்ல. ஆண்டு விடுப்பில் ஒரு நாள் எடுத்துவிடுங்கள், காரணம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டாம். "ஒரு பூனைக்கா இவ்வளவு" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். வீவக வீட்டில் பூனை வளர்க்க 1989இலிருந்து இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் நீங்கியது. முத்து தன் ஆயுளில் பெரும்பகுதி, யாராவது அதிகாரி கதவைத் தட்டினால் படுக்கையறையில் அடைபட்டு வாழ்ந்த தலைமுறை. அவனைப் பற்றி வெளியே பேசவே பழகாத குடும்பங்களுக்கு இழப்பைப் பற்றிப் பேசுவது கூடுதல் கஷ்டம், அதனால் வீட்டுக்குள்ளாவது பேசுங்கள். பாரம் தாங்க முடியாமல் போகிறது, தூக்கமே இல்லை என்றால் எஸ்ஓஎஸ் மனநல உதவி எண் 1767, எந்த நேரமும் எடுப்பார்கள், காரணம் பூனை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக, சில்லறை வேலைகள். முத்துவுக்கு உரிமம் எடுத்திருந்தால் அவன் இறந்ததைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவப் பிரிவான ஏவிஎஸ் இணையத்தளத்தில் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் வீவக வீட்டுக்கு இரண்டு பூனை என்ற கணக்கில் அவனும் இருந்துகொண்டே இருப்பான். மீதமுள்ள மருந்தையும் பயன்படுத்திய ஊசிகளையும் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள், குப்பைக் குழாயில் போடாதீர்கள். பிரிக்காத திரவப் பைகளும் சிறுநீரக உணவு டின்களும் இருந்தால் அங்கேயே கேட்டுப் பாருங்கள், இதே நோயோடு வேறு யாராவது ஒரு பூனை வந்துகொண்டிருக்கும், அந்த டின்களின் விலை உங்களுக்கே தெரியும்.